இடம் மாறிய சதுப்பு நிலம்

உங்கள் ஸ்டேஷனுக்கு வருகிற செய்தித்தாளின் ஆறாம் பக்கத்தை யாரும் பிரிப்பதில்லை போலிருக்கிறது, சார். மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. தினம் ஐந்து பத்திரிகை படித்துப் பிழைக்கிறவன் கண் அங்கேதான் போகும்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குச் சிரமமில்லை.

என் பெயர் குமரகுரு. தென்காசியில் அல்வாக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தில் நடப்பு நிகழ்வுக் குறிப்புகள் தயாரிக்கிறேன். மாதம் ஒரு புத்தகம். எங்காவது வெள்ளம் வந்தால் நீங்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்ப்பீர்கள். நான் அந்த ஆறு எந்த மலையில் உற்பத்தியாகிறது என்று பார்ப்பேன். பரீட்சைக்கு வருவது அதுதான்.

மையத்தை நடத்துகிறவர் விஜயசங்கர். டைரக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். முதன்மைத் தேர்வை ஒரு தடவை எழுதியவர். எழுதியதை ஊர் தேறியதாகப் புரிந்துகொண்டது. அவர் திருத்தப் போகவில்லை. வருஷா வருஷம் மே மாதம், முதல்நிலைத் தேர்வுக்கு முன்னால், பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய் ‘வெற்றி நீராடல்’ நடத்துவார். மே மாதத்தில் மெயின் அருவியில் பாறைதான் இருக்கும். அந்தப் பாறைக்குக் கீழே நின்றுகொண்டு, முயற்சி என்பது வற்றாத அருவி என்று பேசுவார். பிள்ளைகள் அதையும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அவர் போட்ட விதி ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவர்கள் செய்தித்தாள் படிக்கக் கூடாது. நேரம் வீண், நம் நோட்ஸ் போதும் என்பது அவர் சித்தாந்தம். பத்திரிகையோடு பிடிபட்டால் அபராதம் உண்டு. ஆக, அந்த மாடியில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தியா என்பது நான் எழுதியதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆண்டு விழா. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹால். சீசன் நேரம், வெளியே சாரல். நோட்ஸ் அட்டையில் அந்த மாதம் முதல் ‘தொகுப்பு: விஜயசங்கர்’ என்று அவர் படம் ஏறியிருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“இந்த நோட்ஸ் பூராவும் என் மூளைல இருந்து வருது. அண்ணாச்சி நம்ம ஜெராக்ஸ் மெஷினு. சுவிட்ச போட்டாப் போதும், சூடாயிருவாக.”

ஹால் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், “அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் எடுப்பியளா?” என்றான். நானும் சிரித்தேன். சால்வையோடு நிற்கிற ஆள் வேறென்ன செய்ய முடியும். மறுநாள் அல்வாக் கடைக்காரரே, “வாங்க, ஜெராக்ஸ் அண்ணாச்சி” என்றார்.

எனக்குக் கோபம் இல்லை, சார். யோசனைதான் வந்தது. இயந்திரம் தப்புச் செய்யாது. நான் இயந்திரம் இல்லை என்று காட்டுவதற்கு எனக்கு ஒரு வழிதான் இருந்தது.

முதல்நிலைத் தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். தெரியாதவன் அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு வருவான். அவனுக்கு நஷ்டம் குறைவு. தப்பாகத் தெரிந்தவன் தைரியமாக வட்டத்தைக் கறுப்பாக்குவான். ஆகவே பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லித் தராமல் இருப்பதைவிட, கொஞ்சம் தப்பாகச் சொல்லித் தருவது பலன் கூடியது.

அந்த வருஷத்துப் புத்தகங்களில் ஒரு சதுப்பு நிலத்தைத் தூக்கிப் பக்கத்து மாநிலத்தில் வைத்தேன். ஒரு பழங்குடியை வேறு மலையில் குடியேற்றினேன். ஒரு ராணுவக் கூட்டுப் பயிற்சிக்கு அழைக்காத நாட்டை அனுப்பினேன். இரண்டு திட்டங்களை அமைச்சகம் மாற்றி உட்கார வைத்தேன். ஐந்தே ஐந்து. எது கேள்வியாக வரும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் நான் அனேகமாகத் தவறுவதில்லை. மையத்தில் ஒருத்தரும் தேறக் கூடாது, விஜயசங்கர் கடையைச் சாத்த வேண்டும். நோக்கம் இவ்வளவுதான்.

இப்போது புகார் கொடுத்திருக்கிற ஜெஸி விஷயத்துக்கு வருகிறேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் மகள். வயது வரம்பு முடிகிற சமயம். அந்த வருஷம் விட்டால் அவளுக்கு மறுபடி எழுத வழியில்லை. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் இந்தப் பரீட்சைக்காகத் திருப்பி அனுப்பியவள். என்னைக் கடைசிவரை ஜெராக்ஸ் என்று சொல்லாத ஒரே பிள்ளையும் அவள்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள். கையில் எண்ணெய்க் கறையோடு ஒரு காகிதத் துண்டு.

“அண்ணாச்சி, இதுல அந்தச் சதுப்பு நிலம் வேற மாநிலம்னுல்லா போட்டிருக்கு. நோட்ஸ்ல நீங்க மாத்திப் போட்டிருக்கிய.”

“இது எங்கன கெடச்சுது?”

“அப்பா வட வாங்கிட்டு வந்தாவ. அதச் சுத்துன பேப்பரு. டைரக்டர்ட்ட சொல்லிராதிய, அபராதம் போட்டுருவாரு.”

“ஏட்டி, வட சுத்துன பேப்பர நம்புவியா, என்னய நம்புவியா?”

அவள் காகிதத்தை இரண்டாக மடித்தாள்.

“உங்களத்தான் நம்புதேன், அண்ணாச்சி.”

“அப்பப் பேசாமப் போயிப் படி தாயி.”

காகிதத்தை என் மேசைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் மொத்த வகுப்புக்கும் சொல்லியிருப்பாள். நல்ல பிள்ளை. அதுதான் சிக்கல்.

மதுரையில் பரீட்சை எழுதிவிட்டு வந்த மறுநாள் என்னைத் தேடிப் பிடித்தாள். “அண்ணாச்சி, உங்க நோட்ஸ்லருந்து நெறைய வந்திருக்கு. அந்தச் சதுப்பு நிலத்தோட சேத்து அஞ்சு கேள்வி அப்படியே இருக்கு. கண்ண மூடிட்டுல்லா போட்டேன்” என்றாள். செங்கோட்டைப் பக்கம் கூட்டிப் போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் நன்றி சொன்னாள். நான் இன்னொரு பரோட்டா வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மதிப்பெண் வெளியானபோது பார்த்தால், தேறுவதற்கு அவளுக்குக் குறைந்தது இரண்டு மார்க் கூட இல்லை. ஐந்தில் ஒன்றை மட்டும் நான் ஒழுங்காக எழுதியிருந்தால் தேறியிருப்பாள். மையத்தில் வேறு யாரும் அந்த அளவுக்குப் பக்கத்தில் வரவில்லை. என் ஐந்தையும் முழுசாக நம்பும் அளவுக்கு ஊன்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

விஜயசங்கர் கடையைச் சாத்தவில்லை. ஜெஸி படத்தோடு ‘நூலிழையில் தவறிய சாதனை மகள்’ என்று பஸ் ஸ்டாண்டை மறைத்து ஃப்ளெக்ஸ் வைத்தார். வடகரை, அச்சன்புதூரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். தவறியவர்கள் மறுபடி சேர்ந்தார்கள். “அண்ணாச்சி, நூலிழை பேட்ச்னே தனியா ஒண்ணு தொடங்கிருவோமா?” என்று என்னிடமே கேட்டார். பிள்ளைகள் தோற்கத் தோற்க அவர் செழிப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து போதவில்லை என்று இந்த வருஷம் தப்புகளைப் பன்னிரண்டாக்கினேன்.

ஜெஸிக்கு இனிப் படிக்க ஒன்றுமில்லாததால் நூலகத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டியிருக்கிறாள். ஐந்தையும் கண்டுபிடித்துவிட்டாள். இது எந்தப் பிரிவில் வரும் என்று நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். எனக்கும் தெரியவில்லை. சதுப்பு நிலத்தை இடம் மாற்றியதற்கு இந்தியாவில் தண்டனை இருப்பதாக நான் படித்ததில்லை.

வேண்டுமென்றே செய்தேன். தெரிந்தே செய்தேன். அவள் காகிதத்தோடு வந்து நின்றபோதும் தெரிந்தே சொன்னேன். இதற்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு, சார். நான் ஐந்து தப்பு எழுதினேன் என்று புகாரில் அத்தனை விவரமாக எழுதியிருக்கிறாள். அவள் சரியாகப் போட்டு வந்த மற்ற கேள்விகளையும் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதற்கு ஒரு வரி நன்றி இல்லை.