இதைச் செய்தவர் இங்கே இல்லை

மாட்டிக்கிட்டேன்ல? சரிண்ணே, கையை விடுங்க, ரிசீவரை மேசையில வச்சுட்டு வந்துடறேன். ஓடமாட்டேன். ஓடறதுக்கு வழியெங்க, வாசலை அடைச்சுக்கிட்டு நீங்கதான நிக்கிறீங்க.

ஆமா, காலையிலேருந்து உள்ள பேசுனதெல்லாம் நான்தான். மூக்கால பேசுற டீச்சர், பேச்சுக்குப் பேச்சு இருமுன பெரியவர், புருஷனைக் கரிச்சுக் கொட்டுன அந்தம்மா, எல்லாம். வெளிய வாட்ச்மேன் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, பரவால்லையே, நல்ல கூட்டம்னு நெனச்சிருப்பீங்க. உங்க குரல்லகூட ஒரு தடவை எடுத்துவிட்டேன். ஏம்ப்பா, லைட்டு உங்கப்பன் வீட்டுக் கரண்ட்லயா எரியுது... பாத்தீங்களா, சிரிப்பு வருது.

வெளையாட்டுக்கு இல்லண்ணே. ஆள் வராத ரூமை நாளைக்குப் பூட்டிடுவோம்னு கண்காட்சி மேனேஜர் சொல்லிட்டாரே. பூட்டவே கூடாது. அதுக்குத்தான்.

எங்கக்கா செஞ்சதுண்ணே இது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பழைய கறுப்பு ஃபோன். செவுத்துல அந்தப் போர்டு: இதைச் செய்தவர் இங்கே இல்லை, அவரிடம் பேசுங்கள். வர்றவங்க எது வேணா பேசலாம். அந்தப் பக்கம் அக்கா கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பா. பேசறவங்கதான்டா படைப்பு, நான் வெறும் காதுன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல, தலையாட்டி வச்சேன்.

தெறப்பு விழாவுக்குத் தாடிக்காரர் ஒருத்தர் வந்தாரே, தொண்டையைச் செருமிக்கிட்டு: படைப்பாளி தன்னையே அழித்துக்கொள்வது, ஆஹா, என்னவொரு துணிச்சல். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் சேந்து தட்டுனேன். அழுதா கேப்பாங்களே.

அக்காவா? ஆஸ்பத்திரியிலண்ணே. தெறப்பு விழாவுக்கு மொத நாள் இந்தப் போர்டைத் தூக்கிக்கிட்டு வீட்டு மாடிப்படி எறங்கறப்ப சறுக்கிட்டா. தலையில அடி. இன்னும் கண்ணு முழிக்கல. மேனேஜர்கிட்ட மூச்சு விடல, தெரிஞ்சா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுவாரு. ஐ.சி.யூ. உள்ள என்னை விடமாட்டேங்கிறாங்க. நர்ஸக்காதான் பாவம், அக்காவோட செல்ஃபோனைத் தலைமாட்டுல வைக்கிறாங்க. பேச்சுக்குரல் காதுல விழட்டும்னு டாக்டரே சொன்னாராம். இந்த ஃபோன் போறது அங்கதான்.

கூட்டம் வருதுன்னு கேட்டா எந்திரிச்சிடுவாண்ணே. அவளைப் பத்தி எனக்குத் தெரியும். ஆளே வரலைன்னு தெரிஞ்சா திரும்பிப் படுத்துக்குவா.

அதான் என் குரல்ல மட்டும் பேசவே இல்ல. எந்தக் குரல்ல பேசுனாலும் என்னைக் கண்டுபிடிச்சிடுவாண்ணே, சின்ன வயசுலேருந்தே. போடா கொரங்குன்னு ஒரே வார்த்தை. இந்தத் தடவை கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னும் இருக்கு. ஒரு தடவை கண்டுபிடிச்சுத் தொலையேன்னும் இருக்கு.

நீங்க ஒரு ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே. நெசமான ஆளு ஒருத்தராவது. உங்க வீட்டுக் கதை, மழை, என்னவாச்சும். இருங்க, எடுத்துத் தரேன்...

அண்ணே. மேசையிலதான வச்சேன். லைனை நான் கட் பண்ணவே இல்ல. இவ்ளோ நேரமும்...

அக்கா. நான்தான். கேட்டுட்டியா? சொல்லுக்கா. கொரங்குன்னு சொல்லு.