கடைசியில் நடக்கும் தலைவர்

— பேனர்ல சாமி படத்தைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தச் சொல்லு மச்சான். 'குழுத் தலைவர்'ங்கிற எழுத்து நெருக்கியடிக்குது.

— சொல்லிடறேன் மாமா. வேனுக்கு முன்னாடி கட்டறதா, பின்னாடியா?

— முன்னாடிதான். சாமான் ஏத்தற வேன்னாலும் யாத்திரை வேன் இல்லையா?

— ஏங்க, பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டேன். இந்த வருஷம் நானும் நடக்கறேன்.

— நீயா? இது என்ன காய்கறி வாங்கப் போற தூரமா டீச்சரம்மா? நாலு நாள் நடை. காலெல்லாம் கொப்புளம் போட்டுடும்.

— உங்க கால் மட்டும் வருஷா வருஷம் பூ மாதிரி திரும்பி வருதே.

— அது பக்தி. நீயே சொல்லு மச்சான்.

— மாமாவோட பக்தியைப் பத்தி நான் என்னக்கா சொல்றது?

— சரி, நான் எங்க நடக்கணும்?

— முன்வரிசையில. தையல்காரர் சம்சாரத்தோட.

— நீங்க?

— தலைவர்னா எல்லாருக்கும் பின்னாடி வரணும். யாராவது சோர்ந்து உக்காந்தா பாத்துக்கணுமில்ல?

— அப்போ நானும் பின்னாடியே வரேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாம சேர்ந்து தெருமுனை வரைக்கும் நடந்ததில்லை. ஆசையா இருக்குங்க.

— பின்னாடி புழுதிம்மா. நீ முன்னாடியே போ. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா விரதம் கலைஞ்சிடும். பெரியவங்க போட்ட விதி.

— எந்தப் பெரியவங்க?

— மாமாதான்க்கா.

— நீ வேனை மட்டும் ஓட்டு மச்சான்.

— தையல்காரர் சம்சாரம் நேத்து வந்திருந்தாங்க. தங்க இடம், குடிக்கத் தண்ணி எல்லாத்துக்கும் மாசக்கணக்கா அலையறது நீங்கதான்னு ஒரே புகழ்ச்சி. நீங்க இல்லாட்டி இந்தக் குழு தெருவையே தாண்டாதாம்.

— பாத்தியா? வேற என்ன சொன்னாங்க?

— உங்க முழங்கால் வலி தேவலையான்னு கேட்டாங்க.

— டேய் மச்சான், நீயாடா சொன்னே?

— சத்தியமா இல்ல மாமா.

— அவனை ஏன் திட்டறீங்க? வேன் கதவு சாத்தற சத்தம் கேட்டதும் எல்லாரும் குரலைத் தூக்கிப் பாடுவாங்களாம், காதுல விழலைங்கிற மாதிரி. இந்த வருஷம் நானும் பாடறேன். கோயில் தெரு வந்ததும் இறங்கிடுங்க, அங்கிருந்து சேர்ந்து நடப்போம்.