எண் போடாத கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் வக்கீல் மிஸ். எங்கள் போட்டிக்கு நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது. நட்புக்காக நடத்துகிறோம். ஐம்பது சொல்லுக்குள் ஓர் அறிவியல் புனைகதை, அவ்வளவுதான். கோவிட் காலத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தபோது ஈப்போ, செமோர் பக்கத்து ஆட்கள் சிலர் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடி ஓட்டுப் போடுகிறோம். முதல் பரிசு ஒரு ஹம்பர் கூடை. மைலோ, பிஸ்கட், இரண்டு பாட்டில் கோர்டியல். இதற்கு யாராவது சண்டை போடுவார்களா?

நான்தான் செயலாளர். கதைகள் என்னிடம்தான் வரும். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் குழுவில் விடுவேன். எந்தக் கதை யாருடையது என்று முடிவு வரும்வரை வெளியே சொல்லக் கூடாது. அது விதி, நான் எழுதிய விதி. நானும் போட்டியில் எழுதுவேன், ஆனால் என் கதைக்கு நானே ஓட்டுப் போட்டதில்லை. எத்தனை பேர் இப்படி இருப்பார்கள் சொல்லுங்கள்.

உங்கள் கட்சிக்காரர் தினேஸ்வரி தேசியப் பள்ளியில் மலாய் வழியில் படித்தவள். தமிழ் வாய் நிறையப் பேசுவாள், எழுத வராது. அதனால் கதையைக் குரல்பதிவாக எனக்கு அனுப்புவாள். பல் கிளினிக்கில் வேலை முடிந்து கார் ஓட்டிக்கொண்டே பேசுவாள், துணி காயப்போட்டுக்கொண்டே பேசுவாள். தலைப்பு கிடையாது. இது கதை என்றுகூடச் சொல்ல மாட்டாள். எடுத்த எடுப்பில் கதைக்குள் இருந்தே பேச்சு தொடங்கும். நான் கேட்டு டைப் செய்வேன். அவளுடைய ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியது கிடையாது.

மூன்று வருடமாக அவளுக்குத்தான் முதல் பரிசு. நான் இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வியாழன் கிரகத்தின் நிலவு ஒன்றில் பனிக்கு அடியில் இறங்கும் கலத்தைப் பற்றிப் போன வருடம் எழுதினேன். அழுத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முதல் வரியே எழுதினேன். முடிவு வந்ததும் குழுவில் இருக்கும் தனேஸ்வரன் என் தோளைத் தட்டி, "மச்சான், கதை ஓகே லா. ஆனா ஃபார்ம் ஃபைவ் பிசிக்ஸ் புக் மாதிரி இருக்கு" என்றான். மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதே வருடம் தினேஸ்வரி தன் கதையை "நூறு ஒளியாண்டா அந்த அம்மா வாசல்லயே உக்காந்திருந்தா" என்று முடித்திருந்தாள். ஒளியாண்டு என்பது தூரம், காலம் இல்லை என்று ஓட்டுக்கு முன்பே எடுத்துச் சொன்னேன். குழுவில் இருக்கும் புனிதா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அது கெடக்கட்டும்ணே, அந்த அம்மாவ நெனச்சா எனக்குத் தாங்கல" என்றாள். எல்லோரும் அதற்கே போட்டார்கள். அறிவியல் புனைகதைப் போட்டி மிஸ் இது, ஒப்பாரிப் போட்டி இல்லை.

பரிசு வாங்கிய கையோடு தினேஸ்வரி ஹம்பரைப் பிரித்து பிஸ்கட் டின்னை என் மடியில் வைத்தாள். "அண்ணே, நீங்க டைப் பண்ணலன்னா எனக்கு ஏது இதெல்லாம்? வீட்டுக்குக் கொண்டு போங்க." அவள் மனதில் கள்ளம் கிடையாது. அதுதான் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். பொறாமை என்பது தகுதி இல்லாதவனுக்கு வருவது.

அவள் குடும்ப விஷயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரூபனோடு விவாகரத்து ஆகிவிட்டது. அவன் ஆயர் தாவாரில் தன் அம்மாவோடு இருக்கிறான். மகள் கவினீஷாவைத் தன்னிடம் தரச் சொல்லி அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆறு வயதுப் பிள்ளை. அவளை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர தினேஸ்வரிக்கு வேறு கவலை கிடையாது.

இந்த வருடத்துக் குரல்பதிவு பள்ளி கார் நிறுத்தத்தில் இருந்தபோது வந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

"அண்ணே, எம்மக எம்மக இல்ல. போன மாசமே மாத்திட்டாங்க. அச்சு அசல் அவதான். ஆனா பின்கழுத்துல ஒரு சூடு இருக்கு, போன் சார்ஜ் போட்ட மாதிரி. உண்மையான பிள்ள எங்கன்னு கேட்டா சிரிக்குது. இன்னைக்கு அது தூங்குனதும் அந்த எடத்த அறுத்துப் பாத்துரலாம்னு இருக்கேன். ஒரே ஒரு பயந்தாண்ணே. உள்ள கம்பி இல்லன்னா?"

கடைசிக் கேள்வியை மூன்று தரம் திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்படி ஒரு வரி எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அவளோ துணிக்குக் கிளிப் போட்டுக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறாள், கிளிப் சத்தம் பின்னால் கேட்கிறது. இந்த வருடமும் போச்சு என்று காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குரல்பதிவு ரூபனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் போலீசோடு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். தினேஸ்வரி கத்தியிருக்கிறாள், அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்திருக்கிறாள். பிள்ளையைப் பிடுங்கினால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள், ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர்கள் நல்லவர்கள், பார்த்துவிட்டு, இவளுக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் அங்கே போய்வந்தவள் என்ற பேர் போகுமா? நம் ஊர் வாய் உங்களுக்குத் தெரியாததா?

சமூகநல இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி எனக்கு போன் செய்தார். இது போட்டிக்கு வந்த கதையா என்று கேட்டார். வந்தது குரல்பதிவு, கதை என்று அதில் அவள் சொல்லவில்லை என்றேன். அதில் ஒரு சொல்லாவது பொய்யா? டைப் செய்து எண் போட்டால்தான் எங்கள் போட்டியில் அது கதை. அதற்கு நான் இன்னும் எண் போட்டிருக்கவில்லை. புனிதா கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். நான் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிறவன் இல்லை.

அப்புறம் தினேஸ்வரியே செமோருக்கு என் வீட்டுக்கு வந்தாள். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"அண்ணே, அது கதைன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியும்ல?"

"ரூல் இருக்கில்ல தங்கச்சி. ரிசல்ட் வரட்டும்."

"எம்பிள்ளய விடவா ரூலு? அது அங்க ராத்திரி பூரா அழுவுதாம்ணே. எனக்குப் பரிசே வேணாம், நீங்களே எடுத்துக்குங்க."

நீங்களே எடுத்துக்குங்க என்றாள் மிஸ். பிஸ்கட் டின்னைக் கொடுத்த அதே குரலில். அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் மனசு இளகித்தான் இருந்தது. வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ரூபனுக்கு அது எப்படிப் போனது என்று நீங்கள் வந்ததிலிருந்து கேட்கிறீர்கள். நான்தான் அனுப்பினேன். அவர்கள் கல்யாணத்துக்குப் போனவன் நான், அவன் நம்பர் என்னிடம் இருந்தது. அதே காரில் உட்கார்ந்துகொண்டு அனுப்பினேன். அதோடு என் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான் என்று தெரியுமா என்றால், தெரியும். அவள் வழக்கில் அலைந்தால் இந்த வருடம் போட்டியை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வருடம் மிஸ். ஒரே ஒரு வருடம் என் கதையை நாலு பேர் ஒழுங்காகப் படிக்கட்டும் என்று நினைத்தேன். பிள்ளைக்கும் அங்கே ஒரு குறையும் இல்லை, அப்பாவிடம்தானே இருக்கிறது.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பிள்ளை யாரிடம் என்று தீர்ப்பாகிவிடும் என்கிறீர்கள். அதற்குள் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தினேஸ்வரிக்குக் கவினீஷா திரும்பக் கிடைப்பாள், இல்லாவிட்டால் கஷ்டம் என்றும் சொல்கிறீர்கள். நீங்கள் எழுதி வந்திருக்கும் தாளைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அது கதைதான், எனக்கு வந்த கதைதான், நான்தான் அதை ரூபனுக்கு அனுப்பினேன். எதையும் மறுக்கவில்லை. நான் மனசாட்சி இல்லாதவன் கிடையாது.

ஆனால் என் நிலையையும் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் ஓட்டெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. இப்போது அவள் கதை இல்லாமல் பதினொரு கதைகள் இருக்கின்றன. தனேஸ்வரனே என் நடையை வைத்துக் கண்டுபிடித்து போன் செய்து, இந்த முறை உன் கதைதான் முன்னால நிக்குது லா மச்சான் என்றான். வியாழக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட்டால் அவள் கதைக்கும் எண் போட்டாக வேண்டும். விஷயம் குழுவுக்குத் தெரிந்துவிடும். பிள்ளையை நினைத்து அழுதுகொண்டே எல்லோரும் அவளுக்கே போட்டுவிடுவார்கள். நீங்கள் சட்டம் படித்தவர், அது நியாயமான போட்டியா?

அதனால் தாளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை காலையில் நானே உங்கள் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.