ஏழாவது இலக்கம்

தங்கை: பொய் சொல்லாதண்ணா. நீ விழுந்த மாடிப்படி ஈரமாவே இல்ல. நான் போய்ப் பாத்துட்டேன்.

அண்ணன்: விழுந்தவன் நானு. வழுக்குச்சுன்னா வழுக்குச்சுதான். வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை வேற...

தங்கை: எங்க கம்பெனிக்கும் அப்படியே எழுதிக் குடுத்திருக்க.

அண்ணன்: வலது கை உடைஞ்சு கிடக்கு. இடது கையால கோழி கிளறின மாதிரி எழுதினேன். அதைப் படிச்சுட்டாங்களா!

தங்கை: சிரிக்காத. இறங்கறப்ப நாங்க செஞ்ச உன் செயற்கைக் கால் முட்டி சட்டுனு தளர்ந்துடுச்சு. அதானே?

அண்ணன்: கால் மேல பழி போடாத.

தங்கை: அந்த முட்டிக்குள்ள ஓடற கணக்கு நான் எழுதினது.

அண்ணன்: மெஷின்னா ஆயிரம் கோளாறு...

தங்கை: கேளேன். முட்டி மடங்க மடங்க பிடிமானம் எவ்வளவு வேகமா கூடணும்னு அது கண்டுபிடிக்கணும். நான்... இப்ப இருக்கற மடக்குக்கு ஒரு தடவ, துளியூண்டு கூட மடக்கி ஒரு தடவ பிடிமானத்தைக் கணக்குப் போட்டு, ரெண்டையும் கழிச்சு, அந்தத் துளியால வகுத்துட்டேன்.

அண்ணன்: கழித்தல்ல என்ன தப்பு? மூணாங்கிளாஸ் பாடம்.

தங்கை: முட்டிக்குள்ள இருக்கற குட்டிக் கம்ப்யூட்டர் ஒரு எண்ணுல ஏழு இலக்கம்தான் வச்சுக்கும். ரெண்டு விடையிலயும் முதல் ஆறு இலக்கமும் ஒரே மாதிரி. கழிச்சா ஆறும் போச்சு. மிச்சம் கடைசி ஒண்ணு, அதுவும் குத்துமதிப்பு. அதைத் துளியூண்டு எண்ணால வகுத்தா...

அண்ணன்: எலி புலியாயிடும்.

தங்கை: ம்... கூட வேலை பாக்கறவங்க அப்பவே சொன்னாங்க. கழிக்கவே வேணாம், ஒவ்வொரு கட்டத்துலயும் விடையோட அது மாறுற வேகத்தையும் விதிப்படி கூடவே கணக்குப் பண்ணிட்டு வரலாம், துல்லியமா வரும்னு.

அண்ணன்: செஞ்சிருக்கலாமே?

தங்கை: எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. எனக்கு ரோஷம். இதுவே போதும்னுட்டேன். அப்புறம் சோதனையில ஒரு விடை தாறுமாறா வந்துச்சு... அறிக்கையில அந்த வரியை அழிச்சுட்டேன்.

அண்ணன்: அழிச்சியா?

தங்கை: என் மூஞ்சியப் பாக்காதண்ணா... கூசுது. இன்னும் நாப்பது பேர் அந்தக் காலைப் போட்டுட்டு நடக்கறாங்க. இப்பவே தலைமைப் பொறியாளர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன்.

அண்ணன்: இரு.

தங்கை: தடுக்காத. எனக்காகப் பொய் சொன்னது போதும்.

அண்ணன்: தடுக்கல. அந்தச் சக்கர நாற்காலியை இழு. நானும் வரேன்.

தங்கை: நீ எதுக்கு? நீ என்ன தப்பு பண்ணின?

அண்ணன்: போன மாசம் என்கூட நடைப்பயிற்சிக்கு வந்தவர் ஒருத்தர்... அதே கால், அதே மாதிரி தளர்ந்து விழுந்தார். புகார் எழுதப் போனவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, என் தங்கச்சி செஞ்சது, விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். விட்டுட்டார்... இன்னும் படுக்கையிலதான் இருக்கார்.