பதினேழாம் எண் அம்மன்

பரோடாவுக்குப் படிக்கப் போன முதல் மாதம் எனக்குச் சப்பாத்திதான் பெரிய கஷ்டமாக இருந்தது. கன்னிவாடியில் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமுமாக வளர்ந்தவன் நான். அதை ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். பதினைந்து நாளில் பார்சல் வந்தது. மதினி இடித்த பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. எண்ணெய் கசியாமலிருக்க அண்ணன் தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். என் அண்ணன் ராமர் அப்படிப்பட்டவர். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் அவரை இரண்டு மூன்று முறைதான் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

நான் படித்தது காட்சிசாலைக் கலை. பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் எப்படிக் கண்டறிவது, எப்படிச் சுத்தம் செய்வது, எப்படிப் பதிவு செய்து மக்கள் முன் வைப்பது என்று இரண்டு வருட மேல்படிப்பு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஊரில் கேட்டவர்களிடம் அண்ணன், "தம்பி செலைக்கு வைத்தியம் படிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தார். அந்த விளக்கத்தில் பெரிய தவறு இல்லை.

இரண்டாம் வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு கலைப்பொருளைத் தேர்ந்து, ஆராய்ந்து, சுத்தம் செய்து, காட்சிக்கு வைத்துக் காட்ட வேண்டும். என்னுடன் படித்தவர்களில் சிலர் வீட்டிலேயே பழைய ஓவியங்களும் தந்தச் சிற்பங்களும் இருந்தன. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சாமிப்பெட்டி.

எங்கள் ஊர் அம்மன் ஒரு முழ உயர வெண்கலச் சிலை. பூசாரி வீடு என்பதால் பெட்டி எங்களிடம் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு மாசி மாதம்தான் பெட்டியைத் திறப்பார்கள். அப்போதும் பட்டும் மாலையுமாக முகம் மட்டும்தான் ஊருக்குத் தெரியும். மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் தலைமுறை தலைமுறையாக ஏறி அந்த முகமும் கருங்கல் போல ஆகிவிட்டிருந்தது. முழு உருவத்தையும் பார்த்தவர், குளிப்பாட்டிய பூசாரி ஒருவர்தான். அப்பாவுக்குப் பிறகு அது அண்ணன்.

1958 மாசியில் திருவிழா முடிந்தது. மே மாத விடுமுறைக்கு வந்தபோது அந்தச் சிலையை அண்ணனிடம் கேட்டேன்.

"சாமிய ஊரு தாண்டி எடுத்துட்டுப் போகக் கூடாதுடா."

"படிப்புக்குத்தேன் அண்ணே. சுத்தம் பண்ணி அப்படியே கொண்டாந்துருவேன். அடுத்த தெறப்புக்கு இன்னும் மூணு வருசம் கெடக்கு."

"ஆத்தா மேல சத்தியமா கொண்டாந்துருவியா?"

சத்தியம் செய்தேன். அப்போது திருப்பித் தரும் எண்ணம் எனக்கு உண்மையாகவே இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு மாதம் மென்மையான தூரிகையும் காய்ச்சி வடித்த நீரும் கொண்டு வேலை செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம். முதலில் ஒரு தோள் தெரிந்தது. பிறகு இடுப்பின் வளைவு. கடைசியாக முகத்துக்கு வந்தேன். கறுப்புக்குள்ளிருந்து மெல்லச் சிரிக்கிற ஒரு பெண் வந்தாள். பேராசிரியர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆயிரம் வருடம் பழையது என்றார். என் முதுகில் கை வைத்தார். அதுவரை அந்த ஊரில் யாரும் என்னைத் தொட்டுப் பேசியதில்லை.

படிப்பு முடிந்ததும் திண்டுக்கல்லில் வேலை கிடைத்தது. ஒரு வக்கீல் தம் மாடி வீட்டைக் கொடுத்துச் சின்னதாக ஒரு காட்சிசாலை தொடங்கியிருந்தார். அவருக்கு ஊரே வந்து பார்க்கும்படி ஒரு பொருள் தேவைப்பட்டது. என்னிடம் இருந்தது. வைகைக் கரையில் உழும்போது கிடைத்தது என்று பதிவேட்டில் எழுதினேன். பீடத்தின் அடியில் வெள்ளை மையால் 17 என்று எண் போட்டேன். எங்கள் தொழிலில் எண் போட்ட பொருள் பொதுச் சொத்து. அதை இஷ்டத்துக்கு வெளியே எடுக்க முடியாது.

1961 மாசி பிறப்பதற்கு முன் அண்ணன் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து சிலை இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றார். கும்பிடுவதற்குத் தூக்கிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார்.

"தம்பி, பதினஞ்சு நாளுதேன் இருக்கு. எடுத்துக் குடு, போறேன்."

எண், பதிவேடு, நிர்வாகக் குழு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன்.

"அப்ப நான் பெட்டியத் தொறந்தா என்னத்தடா காட்டுவேன்?"

காபி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் பட்டுத்துணி மட்டும் இருந்தது. ஊர் அண்ணனை வேப்பமரத்தில் கட்டி வைத்தது. அவர் வாய் திறக்கவில்லை. நீங்கள் புத்திசாலி. பூசாரியின் தம்பி காட்சிசாலையில் இருக்கிறான், அங்கே ஒரு அம்மனும் இருக்கிறது என்று கணக்குப் போட்டு அவரை நேரே என்னிடம் அழைத்து வந்தீர்கள். ஊர்க்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். பளபளவென்று நின்ற அந்தப் பெண்ணை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் அண்ணனைக் கண்ணாடி முன் நிறுத்தி, "இதுவா உங்க சாமி? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றீர்கள்.

அவர் சிலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் சட்டை, என் மூக்குக்கண்ணாடி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் பட்டம். எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார்.

"இது இல்லீங்கய்யா. எங்க ஆத்தா கறுப்பு."

அன்று எனக்கு அவர்மீது மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பானது. ஏழாவது மாதம் மஞ்சள் காமாலையில் சிறையிலேயே இறந்தார். செய்தி வந்த அன்று சென்னையிலிருந்து கலை அறிஞர்கள் வந்திருந்தார்கள். சிலையைப் பற்றி விளக்கிச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. மாலை பஸ் பிடித்துப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மதினி அய்யம்மாளை ஊர் தள்ளி வைத்தது. அவர் சேவுகம்பட்டிப் பக்கம் போய்ப் பூப்பறிக்கும் வேலையில் சேர்ந்தார்.

ஆறு வருடம் கழித்து, போன வாரம் அவர் காட்சிசாலைக்கு வந்தார். விரல் நுனியெல்லாம் கறை பிடித்திருந்தது. சிலையைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டேன். அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, ஊருக்குள்ள வச்சு அவருக்கு ஒரு வாய்ச் சோறு படைக்க விட மாட்டேங்குறாக. களவாணிக்கு என்ன படையல்னு கேக்குறாக. நீங்க வந்து, அவரு எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க எடுத்தீகன்னு கூடச் சொல்ல வேண்டாம்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் மதினி?"

"பெட்டிய நீங்க தொறந்தப்ப வெளக்குப் பிடிச்சது ஆரு? நாந்தான. அவரு சாகுறதுக்கு முந்தி பாக்கப் போனேன். தம்பி படிச்ச புள்ள, அவன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. சத்தியத்தக் காப்பாத்திட்டேன் தம்பி. இப்ப ஒங்ககிட்டத்தான கேக்குறேன், வேற ஆருகிட்டயும் சொல்லலையே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சரி என்று தலையசைத்துவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸுக்குப் போனார்.

யோசித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சிலையை எடுத்தவன் நான். அண்ணன் களவாணி இல்லை. இதை நீங்கள் ஊருக்குச் சொல்லலாம்.

இன்னும் ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. அன்று அண்ணன் கறுப்பு என்று சொன்னதோடு வழக்கு நின்றிருக்கும். உங்களிடம் வேறு சாட்சி இல்லை. அவரை வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் விடைபெற வந்தீர்கள். நான்தான் உங்களைச் சற்று நேரம் உட்காரச் சொன்னேன். மதுரையிலிருந்து சிலை வியாபாரிகள் இரண்டு பேர் அண்ணனைத் தேடி வந்து போனதை நானே பார்த்தேன் என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்படி யாரும் வரவில்லை. நீங்கள் என்னிடம் சாட்சி கேட்கவும் இல்லை. கோர்ட்டில் அதை வாசித்தபோது அண்ணன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு காகிதத்தின் மீதுதான் தீர்ப்பு எழுதினார்கள்.

என்னை எப்போது வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிலையை மட்டும் ஊராரிடம் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பத்தே வருடத்தில் பாழாக்கிவிடுவார்கள். அண்ணன் உயிரோடு இருந்தால் அவரும் உங்களிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.