பூவாயியின் சோறும் பொருந்தாத மாதப்பனும்

மலைமக்கள் மனங்கவர்ந்த மன்றத் தலைவர் பழனிசாமி அவர்களே! கிளியூரிலிருந்து கால்நடையாய் வந்து, கால் நீட்ட இடமின்றி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! என் பேச்சு முடிந்தால்தான் சுண்டல் என்பதால் பொறுமை காக்கும் தாய்மார்களே! வணக்கம்!

சிறைப்பட்டவரைத் தேடித்தர ஒரு மன்றமா என்று கேட்கிறார்கள். இதோ, முன்வரிசையில் இருக்கும் பூவாயியைக் கேளுங்கள்!

போன மாதச் சந்தையில் ஒரு பலாப்பழத்துக்காக மூண்டது போர்! பழம் பிளந்ததோ இல்லையோ, ஒருவன் மண்டை பிளந்தது. பூவாயியின் கணவர் மாதப்பனை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோனார்கள்? தெரியாது! எப்படி இருக்கிறார்? தெரியாது! பதினொரு நாள் அந்த அம்மா கண் மூடவில்லை.

"ரைட்டரய்யா, அவரு உசுரோட இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று என்னிடம் வந்து அழுதார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் அல்லவா நான்? எழுந்தேன்! சோறு கட்டிவந்த பூவாயியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்! சேலத்துச் சிறை வாசலில் நின்று, "மாதப்பன் எங்கே?" என்று முழங்கினேன்!

வந்தார் ஒரு மாதப்பன். பூவாயி பார்த்தார். "ஏனுங்க, இது எங்க ஊட்டுக்காரரு இல்லீங்களே!"

வந்தவர் சும்மா திரும்பினாரா? "அம்மிணி, நானும் மாதப்பன்தானுங்க, ஊரு கொட்டச்சேடு. ரெண்டு வருசமா என்னைப் பார்க்க ஒரு ஆளும் வல்லீங்க. அந்தச் சோத்தை இப்பிடிக் குடுங்க" என்றார். சிரிக்காதீர்கள், பூவாயி கொடுத்துவிட்டார்!

விரலைக்கூட விடாமல் வழித்துத் தின்றுவிட்டு அவர் சொன்னார்: "உள்ள ஏர்க்காட்டுக்காரரு ஒருத்தரு, பூவாயி வல்லே, பூவாயி வல்லேன்னு நித்தம் அழுவறாருங்க. பேரு குழந்தைவேலு."

குழந்தைவேலா! எனக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் எஸ்டேட்டை விட்டு ஓடியவன் அல்லவா குழந்தைவேல்? அவன் இடத்துக்கு வந்த மாதப்பனுக்குப் புதுப்பெயர் எழுதச் சோம்பி, பழைய பெயரிலேயே ஆஜர் போட்ட ரைட்டர் எவன்? என்ன, பின்வரிசையில்? "நீதான்" என்கிறீரா? நானேதான் ஐயா! ஆபீசில் அதுதான் தன் பெயர் என்று போலீசிடமும் அதையே சொல்லியிருக்கிறார் அந்த அப்பாவி. அவர் பெயரைத் தொலைத்த நானே அவரைத் தேடப் போனேன்! வெட்கமாக இருக்கிறது. சத்தியமாக வெட்கமாக இருக்கிறது.

ஆகவே தாய்மார்களே! மன்றத்துக்கு வந்தால் வீட்டுப் பெயர் சொல்லுங்கள்! எஸ்டேட் பெயர் சொல்லுங்கள்! கோபத்தில் கூப்பிடும் பெயரையும் சொல்லுங்கள்! அதை இங்கே வேண்டாம் அம்மா, தனியே சொல்லுங்கள்!

பூவாயியின் மாதப்பன் ஜாமீனில் வந்து, இதோ, அவர் பக்கத்திலேயே இருக்கிறார். மறுபக்கம் இருக்கும் தாய் முத்தாயி, கொட்டச்சேட்டு மாதப்பனைப் பெற்றவர். மகன் இருக்கும் இடமே தெரியாமல் இரண்டு வருடம் கிடந்தவரை, ஒரு வாரம் அலைந்து கண்டுபிடித்தோம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலம் போகிறார். "சோறு நான் கட்டறனுங்க" என்று பூவாயி சொல்ல, "வேண்டாங் கண்ணு, எம்பையனுக்கு நானே கட்டறேன்" என்றார் முத்தாயி.

நாளை அந்த வாசலில் "மாதப்பன்" என்று கூப்பிட்டால், தேடிப்போன மாதப்பனே வருவார். இந்தத் தடவை சோறும் அவருக்கென்றே கட்டிய சோறு.

சுண்டல் ஆறுகிறது. கேட்ட செவிகளுக்கெல்லாம் என் நன்றி, வணக்கம்!