காலையில் எடுத்த படம் மதியம் வந்தது

பெயர்: புனிதா, த/பெ மகேந்திரன். வயது: 38. தொழில்: பல் கிளினிக் ஒன்றில் முகப்புப் பணியாளர். முகவரி: தாமான் செரி கெனாங்கா, ஈப்போ. அடையாள அட்டை காட்டப்பட்டது. பேசிய மொழி: தமிழ்.

கார்த்திகேசு என்பவர் பெட்ரோல் நிலையத்தில் தாக்கப்பட்டது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல இன்று வந்திருக்கிறேன். கார்த்திகேசுவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருடைய படத்தை முகநூலில் போட்ட ஷர்வின் என் உடன்பிறந்த தம்பி.

என் தந்தை மகேந்திரனுக்கு எழுபத்து மூன்று வயது. செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாக மறதி நோய் இருப்பதால் என்னுடன் வசிக்கிறார். மறந்துவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பார். அடுப்பை அணைத்தால் அடுப்பைப் படம் எடுப்பார், கேட்டைப் பூட்டினால் பூட்டைப் படம் எடுப்பார். ஒரு கட்டத்தில் கைப்பேசி நிறைந்துபோய்ப் புதிய படம் எடுக்க முடியாமல் ஆனது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அதன் பிறகு நான் இணையத்தில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அவர் எடுக்கும் படங்கள் தாமாகவே அதில் போய்ச் சேரும்படி செய்தேன். வீட்டுக் கணினி, என் கைப்பேசி, ஷர்வினின் கைப்பேசி ஆகியவற்றையும் அதே கணக்கில் இணைத்தேன். ஒன்றில் வருவது எல்லாவற்றிலும் வரும், ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். இதை ஷர்வினிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன்.

தந்தையின் கைப்பேசியில் டேட்டா கிடையாது. ஏற்கெனவே இணைத்துக் கொடுத்த வைஃபை உள்ள இடத்தில் மட்டுமே அவருடைய படங்கள் ஏறும். அப்படி இரண்டு இடங்கள்தான் உண்டு: எங்கள் வீடும், பக்கத்து ஊரான லகாட்டில் ஜுபைர் என்பவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையும். ஜுபைர், தந்தையை லோரி ஓட்டிய காலத்திலிருந்து அறிந்தவர்.

சென்ற செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கலாதேவி அழைத்து, கேட் திறந்து கிடக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று சொன்னார். நான் உடனே வீட்டுக்குப் போனேன். தந்தை இல்லை. அவருடைய துணிப் பையும் இல்லை. கைப்பேசிக்கு அழைத்தால் மணி போனது, எடுக்கவில்லை. மணிச் சத்தம் பயமுறுத்துகிறது என்று அவர் ஒலியை நிறுத்தி வைத்திருப்பார். அதன் பிறகு சந்தை, கோயில், பேருந்து நிலையம் எல்லாம் தேடிவிட்டு, காணவில்லை என்று காவல் நிலையத்தில் ரிப்போர்ட் செய்தேன். ஷர்வினுக்கும் சொன்னேன். அவன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் புறப்பட்டான்.

மதியம் இரண்டு மணிக்கு மேல், தந்தை ஒருவேளை திரும்பியிருப்பாரோ என்று வீட்டுக்குப் போனபோது கணினியில் புதிய படங்கள் வந்துகொண்டிருந்தன. சாலை, தண்டவாளம், கடை வரிசை, ஒரு தேநீர்க் கோப்பை. கடைசியாக வந்து மேலே நின்ற படத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் தந்தையின் துணிப் பை இருந்தது. வண்டி எண் தெளிவாகத் தெரிந்தது.

படங்கள் ஏறுவதென்றால் தந்தை ஜுபைர் கடையில் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. உடனே ஜுபைரை அழைத்தேன். “ஆமா தங்கச்சி, வந்தாரு. தே தாரே குடிச்சாரு. காசெல்லாம் வாங்கல. இப்பதான் எந்திரிச்சுப் போறாரு” என்றார். கூட யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். “தனியாத்தான் வந்தாரு லா” என்றார். அவர் வெளியே ஓடிப் பார்த்தபோது தந்தையைக் காணவில்லை.

அதன் பிறகு நான் படங்களின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். படங்கள் எடுத்த வரிசையில் ஏறவில்லை. மேலே இருந்த இளைஞரின் படம் காலை ஒன்பது மணி அளவில் எடுத்தது. தேநீர்க் கோப்பைதான் உண்மையில் கடைசிப் படம். ஒரு காணொளியும் இருந்தது. அது பெரியது என்பதால் பாதி ஏறி நின்றுவிட்டது, திறக்க முடியவில்லை.

இதைச் சொல்ல ஷர்வினை அழைத்தேன். அவன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி, தன் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்து, “என் அப்பாவைக் கடத்திப் போகிறான், பார்த்தால் விடாதீர்கள்” என்று எழுதி முகநூலில் போட்டுவிட்டதாகச் சொன்னான். எடுத்துவிடு, அது காலையில் எடுத்த படம், அப்பா லகாட்டில் தனியாக இருந்திருக்கிறார் என்று சொன்னேன். “அவன் கையில அப்பா பை இருக்குக்கா. ஒனக்குக் கண்ணு தெரியலையா?” என்று கேட்டான். மறுபடியும் எடுக்கச் சொன்னேன். அழைப்பைத் துண்டித்துவிட்டான். பதிவை எடுக்கவில்லை.

நான் லகாட்டுக்குப் போய் ஜுபைர் கடை ஆட்களுடன் தேடினேன். நாலரை மணி அளவில் என் கைப்பேசியில் அந்தக் காணொளி முழுவதும் வந்து சேர்ந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. தந்தை மறுபடியும் கடையின் வைஃபைக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்தது. ஜுபைரை அழைத்துக் கடையைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரத்தில், “இருக்காரு தங்கச்சி, பின்னால நிக்கிற லோரிப் படியில உட்காந்திருக்காரு” என்றார். நான் போனபோது தந்தையின் கால்கள் வீங்கியிருந்தன. வேறு காயம் இல்லை. பை மடியில் இருந்தது. என்னைப் பார்த்து, டிரைவர் இன்னும் வரவில்லையா என்று கேட்டார்.

அதன் பிறகு காணொளியைப் பார்த்தேன். படம் எடுப்பதாக நினைத்துத் தந்தை தவறுதலாக ஓடவிட்டது அது. பெரும்பகுதி தரைதான் தெரிகிறது. குரல்கள் தெளிவாகக் கேட்கின்றன.

“ஐயா, இந்த வெயில்ல எங்க நடக்குறீங்க?”

“லகாட்டுக்குத் தம்பி. லோரி எடுக்கணும்.”

“வீட்டு நம்பர் சொல்லுங்க, போன் பண்றேன். இல்லாட்டி போலீஸ் பொண்டோக்ல விடவா?”

“போலீஸெல்லாம் வேணாம். ஜுபைர் கடைக்குத்தான் போறேன், எல்லாரும் தெரிஞ்சவங்க.”

“சரி, ஏறுங்க. பையக் கொடுங்க, ஹெல்மெட்டப் போட்டுக்குங்க.”

“இரு தம்பி, ஒன்னைய ஒரு படம் எடுத்துக்கிறேன். மறந்துருவேன்.”

ஜுபைர் கடைக்கு எதிரில் தந்தையை இறக்கிவிட்டு வேலைக்குப் போனதாகக் கார்த்திகேசு பின்னர் என்னிடம் சொன்னார். தந்தை உள்ளே போகாமல் வேறு பக்கம் நடந்திருக்கிறார். அந்தச் செவ்வாய் மூன்று மணிக்கு மேல் பெட்ரோல் நிலையத்தில் வண்டி எண்ணைப் பார்த்த சிலர் கார்த்திகேசுவை அடித்திருக்கிறார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை. நான் ஷர்வினிடம் பதிவை எடுக்கச் சொன்னது அதற்கு முன்பு. என் கைப்பேசியில் அந்த அழைப்பின் நேரம் பதிவாகி இருக்கிறது.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். கார்த்திகேசுவின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. அவர் பழைய ரப்பர் தோட்ட வரிசை வீடுகளில் தாயாருடன் இருப்பவர், சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வேலை செய்பவர். தாயார் கருப்பம்மாள் என்னைப் பார்த்து, “ஏம்மா, வயசானவர ரோட்லயே விட்டுட்டு வந்திருக்கணுமா எம்மவன்?” என்று கேட்டார். கார்த்திகேசு, “ஐயா வீட்டுக்கு வந்துட்டாராக்கா?” என்றார். வந்துவிட்டார் என்று சொன்னேன்.

ஷர்வின் செவ்வாய் இரவே பதிவை நீக்கிவிட்டான். ஆனால் மற்றவர்கள் எடுத்து வைத்த பிரதிகள் இன்றும் சுற்றுகின்றன. அவற்றை எங்கள் கணக்கிலிருந்து அழிக்க வழியில்லை. அன்றே அவன் என்னிடம், “அப்பாதான் கெடச்சிட்டாருல்ல, அந்த வீடியோவ அழிச்சிரு அக்கா” என்றான். நான் அவனிடம் சொல்லாமல் அதைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலை பார்த்தபோது கணினி, என் கைப்பேசி, தந்தையின் கைப்பேசி மூன்றிலும் காணொளி இல்லை. குப்பைத் தொகுப்பும் காலியாக இருந்தது. அழித்தது ஷர்வினின் கைப்பேசி என்று கணக்கில் பதிவாகி இருந்தது. அதன் பிறகு அவனுடைய கைப்பேசியைக் கணக்கிலிருந்து நீக்கி, கடவுச்சொல்லை மாற்றினேன். பென்டிரைவை இன்று அதிகாரியிடம் ஒப்படைத்தேன்.

இது என் தம்பிக்கு எதிராகப் பயன்படலாம் என்பது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றேன். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை. என்னை இங்கே காரில் கொண்டுவந்து விட்டவனே ஷர்வின்தான். நான் இறங்கும்போது, “நீ எடுக்கச் சொன்ன பிறகும் நான் எடுக்கல. அதையும் சொல்லிரு அக்கா” என்றான். இப்போது வெளியே காத்திருக்கிறான்.

எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஏதும் இல்லை. அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ம. புனிதா